ஏணியில் இரண்டு தட்டு

துடைத்தாகிவிட்டது. திரை பளிச்சென்று இருக்கிறது. கல்லைக் கொட்டுகிற ஹாப்பரின் அகண்ட வாய் தெரிகிறது, பின்சக்கரம் போய் முட்டி நிற்கிற சிமெண்ட் கட்டை தெரிகிறது, அதற்கு மேலே கிரஷர் கேபினின் அழுக்குக் கண்ணாடிகூடத் தெரிகிறது. இந்த மனுசனை மட்டும் காணோம். பின்பக்கக் கேமராவின் லென்சைத் துடைத்து முடித்தால் டம்பரின் பக்கவாட்டிலேயே நடந்து முன்னால் வந்து, நான் ஏறி இறங்குகிற இரும்பு ஏணியில் கையிலிருக்கிற ஸ்பேனரால் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். தட்டிவிட்டு எனக்கு நேர் எதிரே தள்ளிப் போய் நிற்க வேண்டும். அதற்குப் பிறகுதான் நான் ரிவர்ஸ் கியரில் கை வைப்பேன். கம்பெனி சொல்லிக்கொடுத்த முறை இல்லை இது, நானும் அவரும் வைத்துக்கொண்டது. இஞ்சின் ஓடும்போது அந்தத் தட்டு காதில் விழாது, காலில்தான் விழும். அதற்காகவே இடது கால் பூட்ஸை மட்டும் கழற்றி ஓரமாக வைத்திருப்பேன். உள்ளங்காலுக்குக் கீழே தகரம் ஒருமுறை சிலிர்க்கும், கொஞ்சம் விட்டு இன்னொரு முறை சிலிர்க்கும். கல்யாணமானதிலிருந்து அவர் என்னிடம் பேசிய பேச்சிலேயே குழப்பமில்லாமல் எனக்குப் புரிந்த பேச்சு அது ஒன்றுதான். இப்போது உள்ளங்கால் சும்மா கிடக்கிறது. இஞ்சினின் நடுக்கம் மட்டும் ஏறிக்கொண்டிருக்கிறது, அது எப்போதும் உள்ளதுதான். முதுகில் ஒரு மச்சுவீட்டுப் பாரத்துக்குச் சுண்ணாம்புக்கல்லை ஏற்றிக்கொண்டு, ஹாப்பருக்கு முதுகு காட்டி, பின்னால் போகத் தயாராக நின்றுகொண்டிருக்கிறேன். எனக்கு எதிரே அடுத்த டம்பர்கள் வரிசையில் வந்து நிற்கின்றன. இன்னும் ஒரு நிமிசம் பார்க்கலாம். பாட்டிலில் தண்ணீர் தீர்ந்து எடுக்கப் போயிருப்பார். இல்லை, தண்ணீர் இருந்தது, நானே பார்த்தேன்.

கொஞ்சம் முன்னால் பார்த்ததைத் திரும்பவும் மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறேன். முதலில் தண்ணீர் வந்தது. பாட்டில் மூடியில் ஊசியால் துளை போட்டு வைத்திருக்கிறார், அதைப் பிதுக்கினால் லென்சின் மேல் பீய்ச்சி அடிக்கும், திரையில் இருக்கிற சுரங்கம் முழுவதும் கரைந்து ஒழுகும். பிறகு துணி, பழைய பனியன் துணி. திரை இருட்டிக்கொண்டு வந்து விலகும். விலகியதும் அவர் முகம் தெரியும், எவர்சில்வர் சொம்பில் பார்க்கிற முகம் மாதிரி மூக்கு மட்டும் பெரிசாக. வழக்கமாக அந்த முகம் வந்ததும் போய்விடும். இன்றைக்குப் போகவில்லை. லென்சுக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றது. இதே டம்பரை இதே சீட்டில் உட்கார்ந்து எத்தனையோ வருசம் ஓட்டியவர் அவர். அந்த லென்சைப் பார்த்தால் யாரைப் பார்த்ததாக ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? மீசையில் சுண்ணாம்புத் தூசி. இமையிலும் தூசி. உதடு அசையவில்லை. நான் என்ன செய்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தேன். திருப்பிக்கொண்டது அவருக்குத் தெரியப்போவதில்லை, ஆனாலும் திருப்பிக்கொண்டேன். மறுபடி பார்த்தபோது இடது பக்கமாக நகர்ந்து அந்த மங்கலுக்குள் போய்க்கொண்டிருந்தார். போனவர் அந்தப் பக்கமும் வெளியே வரவில்லை, இந்தப் பக்கமும் வரவில்லை.

திரையின் இடது கீழ் மூலையில் நெய்க்கை பட்டது மாதிரி ஒரு மங்கல் இருக்கிறது. எத்தனை துடைத்தாலும் போகாது. அது தூசி இல்லை, கீறல். போன ஆயுத பூசைக்கு வந்த வினை. எனக்கு டம்பர் கொடுத்து வந்த முதல் ஆயுத பூசை அது. அவர் விடியற்காலையிலேயே வந்து வண்டியைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, நாலு பக்கமும் சந்தனம் குங்குமம் வைத்தார். ஸ்டியரிங்குக்கு வைத்தார், ஏணிக்கு வைத்தார், டயருக்கு வைத்தார். கடைசியாகப் பின்னால் போய்க் கேமராவுக்கும் வைத்துவிட்டார். “வண்டிக்கே கண்ணு அதுதான், அதுக்கு வைக்காம எதுக்கு வைக்கறது?” என்று கேட்டார். பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து மிச்சமிருந்த குங்குமத்தை என் நெற்றியிலும் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி தேங்காய் உடைக்கப் போனார். நான் அன்றைக்குப் பூரித்துத்தான் போனேன், இல்லையென்று சொல்ல மாட்டேன். சந்தனம் வெயிலில் காய்ந்து லென்சோடு கெட்டியாக ஒட்டிக்கொண்டது. அதன் மேல் சுண்ணாம்புத் தூசி. மறுநாள் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதென்று காய்ந்த துணியை வைத்து அரக்கித் தேய்த்தார், நகத்தாலும் சுரண்டினார். சந்தனம் போய்விட்டது, கண்ணாடியின் மேல்பூச்சும் போய்விட்டது. மாற்றுக் கேமரா கேட்டு எழுதிப் போட்டிருக்கிறது, வரும் வரும் என்கிறார்கள், கிணற்றில் போட்ட கல்தான். டம்பரைப் பின்னால் எடுக்கும்போது அந்த மூலையில் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். இடது பின்சக்கரம் வரும். சக்கரத்துக்கு அருகில் ஒருத்தர் நிற்கிற அளவு இடம் வரும். நிற்கிற அளவு மட்டும் இல்லை, உட்காருகிற அளவும் வரும்.

ஏன் உட்காருகிற அளவு என்று நினைத்தேன்? இந்தக் காற்றில், இந்தப் புழுதியில் யார் போய்ச் சக்கரத்தடியில் உட்காருவார்கள்? ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், இங்கே கல்லே மாவாகிப் பறக்கிறது. கீழே கல் ஏற்றும்போது துடைத்த லென்ஸ் மேடேறி வருவதற்குள் வெள்ளையடித்த சுவராகிவிடும். தண்ணீர் லாரி போய் ரோட்டை நனைத்தால் இன்னும் மோசம், தூசி குழைந்து சாந்தாகி ஒட்டிக்கொள்ளும். அதனால் ஹாப்பருக்குப் பின்வாங்கும் முன்னால் ஒவ்வொரு நடைக்கும் ஒருமுறை துடைத்தே ஆக வேண்டும். அதற்கென்று ஓர் ஆளைப் போட்டார்கள். அந்த ஆள் இவர். சர்க்கரை வந்து கண்ணுக்குள் ரத்தம் கசிகிறது என்று பெரிய டாக்டர் சொன்னார். வருசத்துக்கு ஒரு தடவை கம்பெனியில் கண் பார்ப்பார்களே, அதில் எழுத்துப் பலகையின் மூன்றாவது வரிக்கு மேல் இவரால் போக முடியவில்லை. முந்தின நாள் இரவு உட்கார்ந்து நெட்டுருப் போட்டுக்கொண்டுதான் போனார் பாவம், அவர்கள் பலகையை மாற்றி வைத்துவிட்டார்கள். வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பத்துப் பெண்களுக்கு ஓட்டுநர் பயிற்சி என்று அந்தச் சமயத்தில்தான் வந்தது. நான் எழுதிப் போட்டேன். பக்கத்து வீடுகளில் என்னவெல்லாம் பேசினார்கள். பொம்பள டம்பர் ஓட்ட, புருசன் தூசி தட்ட. பேசிய வாய்க்குப் பூட்டா போட முடியும்? முதல் நாள் நான் சீட்டில் ஏறி உட்கார்ந்தபோது அவர் ஏணியடியில் நின்று, “சீட்டக் கொஞ்சம் முன்னால தள்ளிக்க, ஒன் ஒசரத்துக்கு எட்டாது” என்றார். அவ்வளவுதான். அவர் உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளமான சீட்டு. இன்றைக்கும் அந்தப் பள்ளத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன், அது எனக்குச் சரியாகவே பொருந்துவதில்லை.

கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். புழுதி முகத்தில் அறைந்தது. முன்சக்கரம் தெரிகிறது, டீசல் டேங்க் தெரிகிறது, அதற்கு அந்தப்புறம் கல் ஏற்றுகிற தொட்டி புடைத்துக்கொண்டு நின்று எல்லாவற்றையும் மறைக்கிறது. “என்னாங்க” என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. போன் செய்யலாம் என்றால் சுரங்கத்துக்குள் போன் கூடாது, இருவர் போனும் வாசலில் பெட்டிக்குள் கிடக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டேன். கோபத்தில்தான் தட்டாமல் போயிருப்பார். இருக்கட்டுமே, நேற்று நான் பேசிய பேச்சுக்கு இன்று ஒரு நடை தட்டாமல் போனால் என்ன குறைந்துவிடும். ஆனால் காலையிலிருந்து தட்டினாரே. பேசவில்லை, ஆனால் தட்டினார். முதல் நடையில் காலில் நன்றாகத் தெரிந்தது, போகப்போகத் தட்டின் வேகம் குறைந்துகொண்டே வந்தது. போன நடையில் இரண்டாவது தட்டு விழுந்ததா இல்லையா என்றே சந்தேகம். விழுந்ததாக நினைத்துக்கொண்டு எடுத்தேன். நேற்று நாத்தனார் ஊரில் கூழ் ஊற்றினார்கள். வாசல் நிறையச் சனம். நாத்தனாருக்கு வாய் சும்மா இருக்காது, “எங்க அண்ணன் என்னா அண்ணி இப்பிடி எளைச்சிப் போச்சி, நீங்க ஒழுங்கா சோறு போடறீங்களா இல்லியா?” என்று எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டாள். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. “லென்சு தொடைக்கற வேலைக்கு எம்மாஞ் சோறு வேணும்? அதையும் ஒழுங்காத் தொடைக்கத் தெரியாமக் கீறி வச்சிருக்காரு ஒங்கண்ணன்” என்றேன். கொல்லென்று சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கையில் கூழ்ச் சொம்பு இருந்தது, அதைக் கீழே வைக்காமலே சிரித்தார். கோபித்துக்கொண்டு எழுந்து போயிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்தச் சிரிப்புதான் நேற்றிலிருந்து என்னை மீன்முள்ளாகக் குத்திக்கொண்டு இருக்கிறது. வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். வெளியே ஒன்றும் இல்லை, இருட்டு. ஏதாவது இருந்திருந்தாலும் அவர் கண்ணுக்கு எவ்வளவு தெரியும்?

வாக்கிடாக்கி இரைகிறது. ஃபோர்மேன் சவரிமுத்து. “பவளக்கொடி, ஹாப்பர் காலியா கெடக்குது, என்னாத்துக்கு நிக்கற?” நான் பொத்தானை அமுக்கி, “லென்சு தொடைக்கறாங்க சார்” என்றேன். “இன்னுமா? கேமராவத் தொடைக்கறாரா, கல்யாணத்துக்கு வெள்ளையடிக்கறாரா?” என்றார். ஒரே அலைவரிசை, எல்லா டம்பரிலும் கேட்கும், எல்லாரும் சிரித்திருப்பார்கள். எதிரே நிற்கிற டம்பரின் கண்ணாடிக்குள் ஒரு வாய் அசைகிறது. என் புருசன் எங்கே என்று இதில் எப்படிக் கேட்பது? கேட்டால் இன்று சாயங்காலம் வாசல் வரைக்கும் அதே பாட்டாக இருக்கும். மானம் ஒரு பக்கம் இழுக்கிறது, உயிர் ஒரு பக்கம் இழுக்கிறது. யாருடைய உயிர்? பொத்தானை அமுக்கினேன். கிரஷர் கேபினில் கலியபெருமாள் இருக்கிறான், அங்கிருந்து பார்த்தால் என் பின்பக்கம் முழுதும் தெரியும். “கலியபெருமாளு, எங்க வூட்டுக்காரரு பின்னால நிக்கறாரா, பாத்து சொல்லு” என்றேன். கொஞ்ச நேரம் இரைச்சல். “புழுதியா இருக்குதுக்கா, ஒண்ணும் புடிபடல. அண்ணன் இப்பத்தான் ஷெட்டுப் பக்கமாப் போன மாதிரி இருந்திச்சி” என்றான். போனாராடா, போன மாதிரி இருந்ததா? அதைக் கேட்கவில்லை நான். “சரி” என்றுதான் சொன்னேன். சரி என்ற வார்த்தை எவ்வளவு சுலபமாக வாயிலிருந்து வந்துவிடுகிறது. சவரிமுத்து இதையும் கேட்டுக்கொண்டிருந்தார் போல, “அதான் போயிட்டாருல்ல, எடும்மா” என்றார்.

எடுக்க வேண்டியதுதான். மூன்று ஹாரன் அடித்தேன். பின்னால் வருகிறேன் என்று அர்த்தம். ஒன்று அடித்தால் கிளப்புகிறேன், இரண்டு அடித்தால் முன்னால் போகிறேன், மூன்று அடித்தால் பின்னால் வருகிறேன், சுரங்கத்தில் சுற்றுகிற நாய்க்கும் இது தெரியும், மூன்றாவது ஹாரனுக்குள் எழுந்து ஓடிவிடும். பின்னால் யாராவது இருந்தால் ஓடியிருப்பார்கள். ஓடினால் திரையில் தெரிந்திருக்கும். தெரியவில்லை, ஆகவே யாரும் இல்லை. கை கியருக்குப் போனது. போன கை அங்கேயே நின்றது. ஓடாதவராக இருந்தால்? மூன்று ஹாரனும் கேட்டு, என்னவென்றும் தெரிந்து, ஓட மனசில்லாதவராக இருந்தால்? சீ, என்ன நினைப்பு இது. வாயைக் கழுவ வேண்டும். காலையில் வாசலில் சாப்பாட்டுத் தூக்கை என் கையில் கொடுத்தாரே, அப்போது என்ன சொன்னார்? நேற்றிலிருந்து பேசாதவர் அதை மட்டும் சொன்னார். “இன்னிக்கு லென்ச நல்லாத் தொடச்சிடறேன் பவளம். ஒனக்கு எல்லாம் நல்லாத் தெரியும்.” குத்திக்காட்டுகிறார் என்று நினைத்துத் தூக்கை வாங்கிக்கொண்டு நடந்தேன். குத்திக்காட்டத் தெரிந்தவரா அவர்? அது எனக்குத்தான் தெரியும். அவர் ஒன்று சொன்னால் அதில் சொன்னது மட்டும்தான் இருக்கும். நன்றாகத் துடைத்தார். நன்றாகத்தான் தெரிகிறது. தெரியாத இடம் எதுவென்று என்னைவிட அவருக்குத் தெரியும், அது அவர் கையால் வந்த மங்கல். கேமரா வருவதற்கு முன்னால் மண் கொட்டுகிற இடத்தில் கொடி பிடித்து நின்ற ஒருவர் டம்பருக்கு அடியில் போய்ச் செத்தார். அந்த டம்பரை ஓட்டிய நடேசனை நான் அப்புறம் ஒருநாள் சந்தையில் பார்த்தேன். வேலையை விட்டு எளநீர் வெட்டிக்கொண்டிருந்தார். “ஒண்ணும் தெரியலம்மா. ஒரு குலுக்கல் வேணாம்? ஒரு கல்லு மேல ஏறுனாக்கூடத் தெரியும். அதுகூடத் தெரியல” என்று கேட்காமலே சொன்னார். அடுத்து எளநீர் வாங்க வந்த ஆளிடமும் அதையே சொன்னார். வீட்டில் வந்து இவரிடம் சொன்னேன். இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, “செத்தவன் பொண்ணுக்கு ஆபீசுல வேலை போட்டுக் குடுத்துட்டாங்க பாத்தியா. பரவால்ல, ஒரு குடும்பம் நிமிந்துடுச்சி” என்றார். எங்களுக்கும் ஒரு பெண் இருக்கிறாள், பெரம்பலூரில் நர்சுக்குப் படிக்கிறாள். பரவாயில்லை என்று எதைச் சொன்னார்? அன்றைக்கு நான் அதைக் காதிலேயே வாங்கவில்லை, குழம்பு ஊற்றட்டுமா என்று கேட்டேன்.

கியரிலிருந்து கையை எடுத்தேன். இந்த டம்பர் ஓர் ஆள் மேல் ஏறினால் எனக்கும் தெரியாது. அதுதான் பயம், எனக்குத் தெரியாமலேயே முடிந்துவிடும். கல்லைக் கொட்டிவிட்டு முன்னால் வந்து, அடுத்த நடைக்குப் போய், கீழே தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது யாராவது வந்து சொல்வார்கள். அதுவரைக்கும் அவர் மேல் கோபமாகவே இருந்திருப்பேன். பார்க்கிங் பிரேக்கைப் போட்டேன். சாவியைத் திருப்பினேன். இஞ்சின் நின்றது. ஹாப்பருக்கு முன்னால், கல்லோடு நிற்கிற டம்பரில், ஷிப்டு நடுவில் இஞ்சினை நிறுத்தக் கூடாது. வாக்கிடாக்கி அலறியது, எதிரே ஹாரன் அலறியது. அந்தச் சத்தமெல்லாம் எங்கோ தூரத்தில் கேட்டது. காலுக்கு அடியில் நடுக்கம் நின்றுபோய், உடம்புக்குள் இருக்கிற நடுக்கம் மட்டும் தனியாகத் தெரிந்தது. ஒரு காலில் பூட்ஸ், ஒரு காலில் இல்லை, அப்படியே இறங்கினேன். ஏணி கொதிக்கிறது. தரைச் சரளை பாதத்தில் ஏறுகிறது. டீசல் டேங்கைத் தாண்டினேன். ஷெட்டில்தான் இருப்பார், பீடி பிடித்துக்கொண்டு இருப்பார், என்னடி இப்படி ஓடி வருகிறாய் என்று கேட்பார், எல்லாரும் சிரிப்பார்கள், சிரிக்கட்டும், சாமி, சிரிக்கட்டும். கொளஞ்சியப்பர் சாமிக்கு வேண்டிக்கொண்டேன், வேண்டுதலாக என்ன செய்வேன் என்றுகூடச் சொல்லாமல் வேண்டிக்கொண்டேன்.

இடது பின்சக்கரத்தடியில் உட்கார்ந்திருந்தார். டயரில் முதுகைச் சாய்த்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு. பாட்டில் பக்கத்தில் நிற்க வைத்திருந்தது, ஈரத்துணியை மடித்து அதன் மேல் வைத்திருந்தார், ஸ்பேனர் மடியில் இருந்தது. தலை, மீசை, சட்டை எல்லாம் வெள்ளை, டயரும் வெள்ளை, கேபினிலிருந்து கலியபெருமாள் பார்த்தாலும் சக்கரத்தில் ஒட்டிய சுண்ணாம்பு என்றுதான் நினைப்பான். நான் வந்து நின்றதும் நிமிர்ந்து என் முகம் இருக்கிற திசைக்குக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தார். “தொடச்சிட்டேன்” என்றார். “நீ எடு.” என் வாயில் எல்லாம் வந்தது. பாவி மனுசா என்று வந்தது, உங்கள் சாவுக்கு என் கால்தானா கிடைத்தது என்று வந்தது, நேற்றுப் பேசிய வாய் அழுகிப் போகட்டும் என்று வந்தது. புழுதியில் அவருக்கு எதிரே குந்தி உட்கார்ந்துவிட்டேன். “மூணு ஹாரன் அடிச்சனே, கேக்கலியா?” என்று மட்டும் கேட்டேன். “கேட்டுச்சி” என்றார். மறைக்கத் தெரியாது அவருக்கு. “ஏந்திரிக்கணும்ன்னுதான் நெனச்சன். காலு வரல. சரி, இருப்பம்ன்னு இருந்துட்டன்.” சொல்லிவிட்டு என் பாதத்தைப் பார்த்தார். “பூட்சு எங்க? கல்லு குத்தும்.” அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். நேற்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது, கேட்டேன், ஆனால் அழுகையில் அது வார்த்தையாக வந்ததா என்று தெரியவில்லை. அவர் கை என் தலைக்கு வந்து, தலைக்கவசத்தில் பட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் அங்கேயே இருந்தது.

எழுப்பினேன். கையைப் பிடித்து ஏணிவரைக்கும் நடத்திக்கொண்டு வந்து, ஏறச் சொன்னேன். “ரெண்டு பேரு ஏறக்கூடாது” என்றார். “பயிற்சி சீட்டு எதுக்கு இருக்குது, ஏறுங்க” என்றேன். படி படியாகத் தடவி ஏறினார், அவருக்குப் பழகின ஏணிதான், மேலே போனதும் கை தானாகக் கைப்பிடிக்குப் போனது. பக்கத்துச் சின்ன சீட்டில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினேன், நடுக்கம் மறுபடி காலில் ஏறியது. சவரிமுத்து என்னை என்னவெல்லாமோ கேட்டார், என்மேல் புகார் எழுதிக் கொடுக்கப்போவதாகச் சொன்னார். கொடுக்கட்டும். நாளைக்கும் காற்று அடிக்கும், லென்சில் தூசி ஒட்டும், நாளைக்கும் இவர்தான் பாட்டிலை எடுத்துக்கொண்டு பின்னால் போக வேண்டும். நான் ஒவ்வொரு நடையும் இந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு, அந்த மூலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இன்றைக்கு ஒருமுறை கீழே இறங்கிவிட்டேன், ஒவ்வொரு முறையும் இறங்க விடுவார்களா? திரையில் ஹாப்பர் பளிச்சென்று தெரிகிறது, மூலையில் மங்கல் அப்படியே இருக்கிறது. அவரும் திரையைப் பார்த்தார், அதில் அவருக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரியும். “எடு, அவங்கல்லாம் காத்திருக்காங்க” என்றார். “தட்டுங்க” என்றேன். “உள்ள ஒக்காந்துகிட்டு எதுக்குத் தட்டறது?” “நீங்க தட்டாம நான் எடுக்க மாட்டன். இன்னிக்கு மட்டும் இல்ல, என்னிக்கும் எடுக்க மாட்டன். தட்டுங்க.” எதிரே ஹாரன் மேல் ஹாரனாக அடிக்கிறார்கள். கியரின் மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் மடியிலிருந்த ஸ்பேனரை எடுத்து, முன்னாலிருக்கிற தகரத்தைத் தடவிப் பார்த்து, ஒரு தட்டுத் தட்டினார். கை நின்றுவிட்டது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, திரையையும் பார்க்கவில்லை, உள்ளங்காலை மட்டும் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டு இருந்தேன். ரொம்ப நேரம் கழித்து இரண்டாவது தட்டு விழுந்தது.